திருத்தியைத் திருத்தும் மொழி

எமாக்ஸ் உரைதிருத்தியில் ஓர் எழுத்தைத் தட்டும்போது அந்த எழுத்து நேராகத் திரைக்குப் போய்ச் சேர்வதில்லை. அழுத்தப்பட்ட விசைக்கு எந்தக் கட்டளை உரியது என்று எமாக்ஸ் முதலில் ஓர் அட்டவணையில் பார்க்கிறது. பெரும்பாலான எழுத்துகளுக்கு நேரே அங்கு 'செல்ஃப்-இன்செர்ட்-கமாண்ட்' என்ற பெயர் இருக்கும். அந்தப் பெயரிலுள்ள செயற்கூறை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டை, அழைத்த பிறகுதான் எழுத்து பஃபருக்குள், அதாவது திருத்தப்படும் உரை இருக்கும் இடத்துக்குள், நுழைகிறது. அம்புக்குறியை அழுத்தினாலும், கோப்பைச் சேமித்தாலும், ஒரு சொல்லைத் தேடினாலும் நடப்பது இதுவே. எமாக்ஸில் நாம் செய்யும் செயல் ஒவ்வொன்றும் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் பெயருள்ள ஒரு செயற்கூறை அழைப்பதாகவே அமைந்திருக்கிறது. அந்தப் பெயரோடு வேறொரு செயற்கூறை இணைத்துவிட்டால், திருத்தியை மூடித் திறக்காமலே, அடுத்த விசையழுத்தத்திலிருந்து அது வேறு விதமாக நடந்துகொள்கிறது.

நீட்சிகளை, அதாவது பயனர் சேர்க்கும் கூடுதல் வசதிகளை, எழுதுவதற்கென ஒரு மொழியைத் தரும் மென்பொருள்கள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கட்டி முடிக்கப்பட்ட வீட்டைப் போன்றவை: வீட்டைக் கட்டியவர் எங்கெங்கு வாசல் வைத்தாரோ அங்கெல்லாம் நாம் நுழையலாம், சுவர் இருக்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும். எமாக்ஸின் நீட்சிமொழியான எமாக்ஸ் லிஸ்ப் அப்படிப்பட்ட மொழி அன்று. லிஸ்ப் கட்டளைகளைப் புரிந்துகொண்டு இயக்கும் பகுதி, உரையை நினைவகத்தில் வைத்திருக்கும் பகுதி, திரையில் வரையும் பகுதி ஆகியவை சி மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு மேலே நாம் திருத்தி என்று உணர்கிற ஏறத்தாழ அனைத்தும், அதாவது கோப்புறைகளைக் காட்டுவது, மின்னஞ்சல் படிப்பது, நிரல்களுக்கு வண்ணம் பூசுவது, உதவிப் பக்கங்களைத் திறப்பது எல்லாம், எமாக்ஸ் லிஸ்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. திருத்தியை உருவாக்கியவர்கள் எழுதிய நிரலுக்கும் நான் நேற்று மாலை எழுதிய நிரலுக்கும் அதற்குள் ஒரே தகுதிதான். இந்தச் சமத்துவம்தான் அந்த மொழியின் உயிர் என்று நான் நினைக்கிறேன். அதன் சிறப்புகளும் குறைகளும் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இது முதல் நாளிலேயே திட்டமிட்டு வந்ததன்று. எமாக்ஸின் மூதாதை டெகோ என்ற திருத்தி. 1960-களின் தொடக்கத்தில் டான் மர்ஃபி அதை எம்.ஐ.டி.யில் எழுதினார். டெகோவில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. கட்டளைகளை வரிசையாக எழுதினால் அதுவே ஒரு நிரலாகிவிடும். எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் பி.டி.பி-10 கணினியில் பணிபுரிந்தவர்கள் தத்தம் வசதிக்கேற்ப டெகோ மேக்ரோக்களை, அதாவது கட்டளைத் தொகுப்புகளை, எழுதிக் குவித்தார்கள். ஒருவருடைய விசைகள் இன்னொருவருக்குப் புரியாத நிலை வந்தபோது, 1976-இல் கை ஸ்டீல் அவற்றை ஒன்றுபடுத்தத் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்தப் பணியைத் தன் கையில் எடுத்து முடித்தார். அந்தத் தொகுப்பே முதல் எமாக்ஸ். பயனர்கள் தாமாகவே நீட்டிக்கொண்ட ஒன்றைப் பொதுவாக்கியதன் விளைவு அது என்பதால், நீட்டிக்கும் உரிமை எமாக்ஸில் பிற்சேர்க்கையாக வரவில்லை. எமாக்ஸ்தான் அந்த உரிமையின் பிற்சேர்க்கையாக வந்தது எனலாம்.

ஆனால் டெகோ படிப்பதற்கு மிகக் கடினமான மொழி. திருத்துவதற்கென உண்டான கட்டளைகளை இழுத்து நீட்டி நிரல்மொழியாக்கினால் அதன் இலக்கணம் நிரலாக்கத்துக்கு ஈடுகொடுக்காது என்பதை அனுபவத்தில் கண்ட பிறகுதான், முழுமையான ஒரு நிரல்மொழியை எடுத்துவந்து அதைக் கொண்டு திருத்தியை எழுத வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். லிஸ்ப் நிரல்களை இயக்குவதற்கென்றே உருவான லிஸ்ப் எந்திரங்களில் டான் வைன்ரெப் இந்த வழியில் ஒரு திருத்தியை எழுதினார். 1978-இல் ஹனிவெல் நிறுவனத்தில் பெர்னார்ட் கிரீன்பெர்க், மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கான எமாக்ஸை மேக்லிஸ்ப் என்ற லிஸ்ப் வகையில் எழுதினார். திருத்தியை எழுதிய மொழியும் அதை நீட்டிக்கும் மொழியும் ஒன்றாகவே இருந்தன.

கிரீன்பெர்க்கின் அலுவலகத்தைப் பற்றி ஸ்டால்மன் 2002-இல் ஓர் உரையில் சொன்ன செய்தி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அங்கிருந்த செயலர்கள் எமாக்ஸைத் தங்கள் வேலைக்கேற்ப நீட்டிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த கையேடு எமாக்ஸை எப்படி நீட்டிப்பது என்று விளக்கியதே தவிர, அதை நிரலாக்கம் என்று எங்கும் குறிப்பிடவில்லை. நிரல் எழுதுவது தங்களால் ஆகாத காரியம் என்று நம்பியிருந்த அவர்கள், அந்தப் பெயர் கண்ணில் படாததால் அஞ்சாமல் படித்தார்கள், லிஸ்ப் எழுதினார்கள். கணினித் துறையில் பயனர் என்றும் நிரலர் என்றும் நாம் பிரித்துவைத்திருக்கும் எல்லையில் பெரும்பகுதி திறமையினால் வந்ததன்று, கருவிகளின் அமைப்பினால் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

1981-இல் ஜேம்ஸ் கோஸ்லிங் யூனிக்ஸுக்காக சி மொழியில் ஓர் எமாக்ஸ் எழுதினார். அதில் நீட்சிக்கென மாக்லிஸ்ப் என்ற மொழி இருந்தது. பார்வைக்கு அது லிஸ்பைப் போலவே அடைப்புக்குறிகளால் ஆனது. ஆனால் லிஸ்பின் அடிப்படையான பட்டியல் என்ற தரவு வகையே அதில் கிடையாது. நிரலைத் தரவாகக் கையாளும் ஆற்றல் இல்லாதபோது, எழுதக்கூடியவற்றின் எல்லை விரைவில் வந்துவிடுகிறது. ஸ்டால்மன் 1984-இல் குனு எமாக்ஸை எழுதத் தொடங்கியபோது, அன்றைய யூனிக்ஸ் கணினிகள் எல்லாவற்றிலும் ஓடவேண்டும் என்பதற்காக அடித்தளத்தை சி-யில் அமைத்து, அதன்மேல் ஓர் உண்மையான லிஸ்பை, சிறியதாகவேனும், வைத்தார். 1985-இல் அது பொதுவெளிக்கு வந்தது. இன்று எமாக்ஸ் லிஸ்ப் என்று நாம் அழைப்பது அந்த மொழியின் தொடர்ச்சியே.

இந்த மொழியின் இலக்கணத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். (+ 2 3) என்பது ஒரு முழு நிரல். அடைப்புக்குறிக்குள் முதலில் வருவது செய்ய வேண்டிய செயல். தொடர்ந்து வருபவை அந்தச் செயலுக்கான உள்ளீடுகள். ஒன்றுக்குள் ஒன்றை வைக்கலாம் என்பதால் (* 4 (+ 2 3)) என்று எழுதினால் 20 கிடைக்கும். எமாக்ஸைத் திறந்து எந்தப் பஃபரிலும், ஒரு கடிதத்தின் நடுவில்கூட, இதை எழுதி, அதன் இறுதியில் சுட்டியை நிறுத்தி, கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-ஈ என்று அழுத்தினால் விடை கீழ்வரியில் தோன்றும். நிரலை எழுதுவதற்குத் தனி இடம், தொகுப்பதற்குத் தனிக் கருவி, இயக்குவதற்குத் தனிச் சாளரம் என்ற பிரிவினை இங்கே இல்லை.

ஒரு செயற்கூறைப் பயனர் விசையால் அழைக்கத்தக்க கட்டளையாக மாற்றுவதற்கு அதன் தொடக்கத்தில் 'இன்டராக்டிவ்' என்ற ஒரே ஓர் அறிவிப்பு போதும். அதற்கு முன்னால், இந்தச் செயற்கூறு என்ன செய்கிறது என்று ஒரு விளக்கவுரையை மேற்கோள் குறிகளுக்குள் எழுதிவைப்பது மரபு. அந்த விளக்கவுரை செயற்கூறோடு சேர்ந்து நினைவகத்தில் இருப்பதால், கண்ட்ரோல்-எச் அழுத்தி, பிறகு கே என்பதை அழுத்தி, பிறகு எந்த விசையைத் தொட்டாலும், அந்த விசை எந்தச் செயற்கூறை அழைக்கிறது, அது என்ன செய்யும் என்பதை எமாக்ஸ் சொல்லிவிடும். அந்த உதவிப் பக்கத்தில் கோப்பின் பெயர் ஓர் இணைப்பாக இருக்கும். மூலநிரல் கணினியில் இருந்தால், அதைத் தொட்டதும் அந்தச் செயற்கூறின் மூலநிரல் திறக்கும். அங்கேயே ஒரு வரியை மாற்றி, மீண்டும் மதிப்பிடச் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் திருத்தி மாறிவிடும். விசையிலிருந்து விளக்கத்துக்கும், விளக்கத்திலிருந்து மூலத்துக்கும், மூலத்திலிருந்து மாற்றத்துக்கும் போகும் இந்தப் பாதையில் அனுமதி கேட்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. கட்டற்ற மென்பொருள் என்பது உரிமத்தில் எழுதப்படும் வாக்குறுதி மட்டும் என்று எண்ணியிருந்தவர்கள், அது விசைப்பலகையில் எப்படி உணரப்படும் என்பதை எமாக்ஸில் காணலாம். மூலநிரலைப் படிக்கும் உரிமை எல்லாக் கட்டற்ற மென்பொருள்களிலும் உண்டு. வேலையின் நடுவே, வேலையை நிறுத்தாமல், அந்த உரிமையைப் பயன்படுத்தும் வசதி மிகச் சிலவற்றில்தான் உண்டு.

மூலத்தையே மாற்றாமல் நடத்தையை மாற்றுவதற்கும் வழிகள் இருக்கின்றன. கோப்பைச் சேமிக்கும் முன் ஓட வேண்டியவை, ஒரு பயன்முறை தொடங்கும்போது ஓட வேண்டியவை என்று நிரலாசிரியர் முன்கூட்டியே இடம் விட்டுவைப்பது ஹூக். அப்படி எந்த இடமும் விடப்படாத செயற்கூறின்மேலும் வெளியிலிருந்து ஒரு செயற்கூறைப் போர்த்தி, அதற்கு முன்போ பின்போ முற்றிலும் அதற்குப் பதிலாகவோ ஓடச் செய்வது அட்வைஸ். முதலாவது எழுதியவரின் முன்யோசனையைச் சார்ந்தது. இரண்டாவது, எழுதியவர் கனவிலும் எண்ணாத தேவைக்கும் இடம் தருகிறது. பொறுப்பின்றிக் கையாண்டால் அட்வைஸ் பெருங்குழப்பம் விளைவிக்கும் என்பது உண்மையே. ஆயினும் பிறர் எழுதிய நிரலில் எனக்கு ஒரு வரி மட்டும் வேறாக வேண்டும் என்னும்போது, அந்த முழு நிரலையும் நகலெடுத்துப் பேணும் சுமையை அது நீக்குகிறது.

எமாக்ஸ் லிஸ்பைப் பற்றிய விவாதங்களில் மிக நீண்டது மாறிகளின் வரம்பைப் பற்றியது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நீட்சிமொழி ஒன்றின் தேவைகள் பொதுவான நிரல்மொழியின் தேவைகளிலிருந்து எங்கே பிரிகின்றன என்பதை இந்த ஒரு கேள்வி தெளிவாகக் காட்டுகிறது. ஒரு செயற்கூறுக்குள் ஒரு மாறிக்குத் தற்காலிகமாக ஒரு மதிப்பைக் கொடுக்கிறோம். அந்த மதிப்பு யாருக்குத் தெரிய வேண்டும்? இன்றைய மொழிகள் ஏறத்தாழ அனைத்தும் சொல்லும் விடை: நிரலின் எழுத்தில் அந்த இடத்துக்குள் இருக்கும் வரிகளுக்கு மட்டும். இது லெக்சிகல் ஸ்கோப்பிங். எமாக்ஸ் லிஸ்ப் தொடக்கத்தில் சொன்ன விடை வேறு: அந்தச் செயற்கூறு ஓடி முடியும்வரை, அது அழைக்கும் செயற்கூறுகள், அவை அழைக்கும் செயற்கூறுகள் என எத்தனை அடுக்கு ஆழத்தில் இருந்தாலும், எல்லாருக்கும். இது டைனமிக் ஸ்கோப்பிங்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். எமாக்ஸ் வெளிநிரல் ஒன்றை ஓட்டும்போது எந்தக் கோப்புறையில் ஓட்டுவது என்பதை 'டிஃபால்ட்-டைரக்டரி' என்ற மாறியைப் பார்த்து முடிவு செய்கிறது. என் கட்டுரைகள் இருக்கும் கோப்புறையில் ஒரு தேடல் நடக்க வேண்டும். தேடும் கட்டளையோ வேறொருவர் எழுதியது, கோப்புறையை உள்ளீடாகக் கேட்காதது. நான் அந்த மாறிக்கு என் கோப்புறையைத் தற்காலிக மதிப்பாகக் கொடுத்துவிட்டு அவருடைய கட்டளையை அழைத்தால் போதும். அதற்கு அடியில் எத்தனையோ அடுக்குகள் தாண்டி வெளிநிரலைத் தொடங்கும் செயற்கூறு புதிய மதிப்பைக் காண்கிறது. வேலை முடிந்ததும், இடையில் பிழை நேர்ந்து நின்றாலும்கூட, பழைய மதிப்பு தானாகத் திரும்பிவிடுகிறது. இடையிலுள்ள செயற்கூறுகளில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. அவற்றை எழுதியவர்கள் எனக்காக ஒரு கூடுதல் உள்ளீட்டை எண்ணிப்பார்த்திருக்கவும் தேவையில்லை. ஸ்டால்மன் 1981-இல் எமாக்ஸைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையில் டைனமிக் ஸ்கோப்பிங்குக்கு ஆதரவாக வாதிட்டதன் சாரம் இதுதான்: திருத்தியை நீட்டிப்பவர், மூல ஆசிரியர் முன்னறியாத இடங்களில் நுழைய வேண்டியிருக்கிறது, அதற்கு இந்த வழி தேவை.

இதன் விலையும் சிறிதன்று. நான் ஒரு சிறு செயற்கூறை எழுதி, பட்டியலொன்றின் ஒவ்வோர் உறுப்பிலும் அதை ஓட்டும்படி இன்னொரு செயற்கூறிடம் கொடுக்கிறேன் என்று கொள்வோம். என் சிறு செயற்கூறு நான் வைத்த ஒரு மாறியை அதன் பெயரால் பார்க்கிறது. அதை ஓட்டும் செயற்கூறும் தனக்குள் அதே பெயரில் ஒரு மாறியை வைத்திருந்தால், என் நிரல் என்னுடைய மதிப்புக்குப் பதிலாக அவருடைய மதிப்பை எடுத்துக்கொள்ளும். இருவர் எழுதியதும் தனித்தனியே சரி, சேரும்போது தவறு. இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். தவிர, எந்த மாறியை யார் எப்போது பார்ப்பார்கள் என்பது, நிரலை இயக்கத்துக்கேற்ற வடிவுக்கு மாற்றும் தொகுப்பிக்கு முன்கூட்டியே தெரியாததால், நிரலை விரைவுபடுத்தும் பல உத்திகளையும் அது கைவிட நேர்ந்தது.

2012-இல் வந்த எமாக்ஸ் 24 இதற்கு ஒரு தீர்வைக் கொண்டுவந்தது. மைல்ஸ் பேடர் தொடங்கி, ஸ்டெஃபான் மோனியே முடித்த பணி அது. கோப்பின் முதல் வரியில் ஓர் அறிவிப்பை எழுதினால் அந்தக் கோப்பில் லெக்சிகல் ஸ்கோப்பிங் செயல்படும். எழுதாத பழைய கோப்புகள் பழையபடியே ஓடும். அதோடு, லெக்சிகல் கோப்புகளுக்குள்ளும், தனியாக அறிவிக்கப்பட்ட பொது மாறிகள் டைனமிக்காகவே நீடிக்கும். ஆகவே 'டிஃபால்ட்-டைரக்டரி' எடுத்துக்காட்டு இன்றும் அப்படியே செல்லுபடியாகிறது. பெயர் மோதும் பிழை மட்டும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. கால் நூற்றாண்டாகக் குவிந்திருந்த நிரல்களை உடைக்காமல் ஒரு மொழியின் அடிப்படை விதியை மாற்றிய இந்தச் செயலை, நிரல்மொழி வரலாற்றில் மிகப் பண்பட்ட மாற்றங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எமாக்ஸ் லிஸ்பில் பெயர்வெளிகள், அதாவது ஒருவர் வைத்த பெயர்களை இன்னொருவரின் பெயர்களோடு மோதாமல் பிரித்துவைக்கும் ஏற்பாடு, இல்லை. குறிப்புகளை ஒழுங்குபடுத்தும் ஆர்க் பயன்முறையின் செயற்கூறுகள் 'ஆர்க்' என்றும், நிரல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவிக்கு முகப்பான மேஜிட்டின் செயற்கூறுகள் 'மேஜிட்' என்றும் முன்னொட்டோடு தொடங்குவது வெறும் வழக்கம்தான். உள்பயனுக்கு மட்டும் என்று காட்ட இரட்டைச் சிறுகோடு இடுவதும் அப்படியே. அதை மீறி அழைப்பவரை யாரும் தடுப்பதில்லை. நீண்ட நேரம் ஓடும் நிரல் திருத்தியை உறையச் செய்துவிடும். 2018-இல் எமாக்ஸ் 26 கொண்டுவந்த இழைகளும், அதாவது ஒரே நிரலுக்குள் தனித்தனியே ஓடும் பணிகளும், ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து ஓடுபவையே. எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு: நாம் நிறுவும் எந்த நீட்சியும் நம் கோப்புகள் அனைத்தையும் தொடும் அதிகாரத்தோடு ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் நீட்சிகளைத் தனி இயக்கத்தில் ஓட்டி, திரையின் உள்ளமைப்பை அவை நேரடியாகத் தொடவிடாமல் வைத்திருக்கிறது. அதனால் ஒரு நீட்சி தடுமாறினாலும் தட்டெழுதுவது நிற்பதில்லை. அந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்குப் புரிகிறது. கோடிக்கணக்கானோர் அறியாதவர்களின் நீட்சிகளை நிறுவும் கருவிக்கு அது பொருத்தமானது. ஆனால் என் எழுத்துப்பணி நாள்முழுதும் நடக்கும் இடத்தில், எழுதியவர் எண்ணாத ஒன்றை நான் எண்ணக்கூடும் என்பதற்கு இடமிருக்க வேண்டும். அந்த இடத்தையும் பாதுகாப்பான சுவரையும் ஒருசேரத் தரும் திருத்தியை நான் இன்னும் காணவில்லை.

எமாக்ஸ் லிஸ்புக்குப் பதிலாக லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் மொழியின் கைல் வடிவத்தைக் கொண்டுவர வேண்டும் என்ற முயற்சிகள் நெடுங்காலமாக நடந்துள்ளன, அவை நிலைபெறவில்லை. ஆர்க் பயன்முறையை 2003-இல் தொடங்கியவர் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர். தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொள்வதற்காக அவர் எழுதியது, இன்று உலகெங்கும் பலர் நூல் எழுதும் கருவியாக வளர்ந்திருக்கிறது. அப்படி ஒவ்வொருவரும் தம் தேவைக்காக எழுதியவற்றின் மேல்தான் எமாக்ஸ் நிற்கிறது. மொழியை மாற்றுவதென்றால் அவ்வளவையும் மாற்ற வேண்டும். ஆகவே மொழியை அப்படியே வைத்துக்கொண்டு அதை இயக்கும் விதத்தை மேம்படுத்தினார்கள். 2022-இல் வந்த எமாக்ஸ் 28-இல், ஆந்த்ரேயா கொரால்லோவின் உழைப்பால், லிஸ்ப் நிரலை நேரடியாக எந்திரமொழிக்கு மாற்றும் வசதி கிடைத்தது.

தமிழில் எழுதுபவனுக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். எமாக்ஸில் பன்மொழி ஆதரவு ஜப்பானிலிருந்து வந்தது. கெனிச்சி ஹண்டாவும் அவருடைய சகாக்களும் மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் உருவாக்கிய மூலே என்ற திருத்தம் 1997-இல் எமாக்ஸ் 20-இல் இணைந்தது. பல மொழி வணக்கங்களைக் காட்டும் கோப்பு ஒன்று எமாக்ஸோடு வருகிறது. அதில் தமிழ் வணக்கமும் உண்டு. தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் போன்ற உள்ளீட்டு முறைகள் லிஸ்ப் அட்டவணைகளாக உள்ளேயே இருக்கின்றன. பிடிக்காத ஒரு விசையை அந்த அட்டவணையில் மாற்றிக்கொள்ளலாம். 2020-இல் எமாக்ஸ் 27, எழுத்துகளை இணைத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தை ஏற்றுக்கொண்ட பிறகு தமிழ் எழுத்துருக்கள் திரையில் ஒழுங்காக இணைந்து தோன்றுகின்றன. 'கி' என்பதில் பின்னழி விசையை அழுத்தினால் இகரக் குறி மட்டும் நீங்கி 'க' எஞ்சும்; எமாக்ஸ் 29 முதல் முன்னழி விசையோ முழு எழுத்தையும் நீக்கும். குறியை மட்டும் திருத்த வேண்டிய தேவை தமிழில் அடிக்கடி நேர்வதால் இந்த வேறுபாடு எனக்கு மிகவும் உதவுகிறது.

எனக்கு உண்மையில் தேவைப்பட்ட கருவி ஒன்று எந்த மென்பொருளிலும் இல்லாதது. கட்டளைக் கலித்துறை என்ற பாவினத்தில் ஒவ்வோர் அடியிலும், ஒற்றை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு எழுத்தும் இருக்க வேண்டும். கணினியோ நாம் எழுத்து என்று கருதுவதை எழுத்தாகக் கருதுவதில்லை. யூனிகோடில் 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள்; 'க்' என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். பொதுவான சொல்லெண்ணிகள் தரும் எண்ணிக்கை யாப்புக்கு எந்த வகையிலும் பயன்படாது.

ஆனால் யூனிகோட் அட்டவணையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வசதி தெரியும். உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் அ முதல் ஹ வரை ஒரே தொடராக இருக்கின்றன. உயிர்க்குறிகளும் புள்ளியும் அதற்குப் பின்னால் வருகின்றன. ஆய்தம் அதற்கு முன்னால் தனியே நிற்கிறது. ஆகவே ஓர் அடியில் [அ-ஹ] என்ற வடிவத்துக்குப் பொருந்தும் குறியீடுகளை எண்ணி, அதிலிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்தால், ஒற்று நீங்கிய எழுத்தெண்ணிக்கை கிடைத்துவிடும். ஆய்தமும் தானாகவே விலகிவிடுகிறது. அபிராமி அந்தாதியின் முதல் அடியான 'உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்' என்பதில் அந்த வடிவத்துக்குப் பொருந்துபவை 26; புள்ளிகள் 9; மிச்சம் 17. 'உதிக்' என்று நிரையில் தொடங்கும் அடிக்கு வேண்டிய எண் அதுவே.

இதை எமாக்ஸ் லிஸ்பில் எழுதுவதற்கு வேண்டியது ஒரு கழித்தலும் இரண்டு எண்ணல்களும்தான். செயற்கூறுகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் அதற்கு கட்டளை-எழுத்து என்று பெயரிட்டேன். (கட்டளை-எழுத்து "உதிக்கின்ற செங்கதிர்") என்று எழுதி மதிப்பிட்டால் 7 என்று வரும். பிறகு முதல் அசையை அறியும் செயற்கூறு: அடியின் முதலெழுத்து நெடிலாயிருந்தாலோ, குறிலைத் தொடர்ந்து ஒற்று வந்தாலோ நேர், குறிலைத் தொடர்ந்து ஒற்றல்லாத எழுத்து வந்தால் நிரை. பிறகு அந்த எண்ணை ஒவ்வோர் அடியின் இறுதியிலும் மங்கிய நிறத்தில் காட்டும் செயற்கூறு. எமாக்ஸின் ஓவர்லே என்ற அமைப்பு இதற்கு மிகப் பொருத்தமானது. திரையில் எண் தெரியும், கோப்பில் அது இருக்காது. குற்றியலிகரம் போன்ற நுட்பங்களை அது அறியாது. அவற்றை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

யாப்பு கற்பிக்கும் நண்பர் ஒருவருக்கு இதைக் கொடுத்தேன். அவர் நிரலாக்கம் படித்தவர் அல்லர். எமாக்ஸைத் தமிழில் எழுதுவதற்கென்று மட்டும் வைத்திருந்தவர். எண் பிழைபட்ட அடிகள் சிவப்பில் தெரிந்தால் மாணவர்களுக்கு உதவும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கண்ட்ரோல்-எச் வழியாகச் செயற்கூறின் மூலத்துக்குப் போய், நிறத்தைக் குறிக்கும் சொல்லைக் கண்டுபிடித்து, எதிர்பார்த்த எண்ணும் கிடைத்த எண்ணும் வேறாக இருந்தால் வேறு நிறம் என்ற நிபந்தனையை எமாக்ஸோடு வரும் அறிமுகக் கையேட்டைப் பார்த்து அவரே சேர்த்துவிட்டார். அடைப்புக்குறிகள் அவருக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. சீரைச் சீராகவும் தளையைத் தளையாகவும் பிரித்துப் பழகிய கண்ணுக்கு ஒன்றுக்குள் ஒன்றான அமைப்பு எளிதில் பிடிபட்டது என்றார்.

இப்போது அவர் அந்தாதித் தொடையைச் சோதிக்கும் செயற்கூறு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு பாட்டின் இறுதிச் சொல்லையும் அடுத்த பாட்டின் முதற்சொல்லையும் எடுத்து, எத்தனை எழுத்து ஒன்றுகிறது என்று ஒப்பிடுவது அதன் வேலை. புணர்ச்சியில் மாறிய சொற்களை ஒன்றாகக் கொள்வதா வேறாகக் கொள்வதா என்பதுதான் இன்னும் தீராத கேள்வி; மகர ஈறு கெட்டு வரும் இடங்களை மட்டும் முதலில் ஏற்கும்படி எழுதி, சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.